ஒரு பாக்கெட்டுக்குள் அடங்காத முதல் செய்தி: குரோம் உலாவியின் குவாண்டம் பாதுகாப்பு மாற்றம் – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு என்ன?

2024 ஏப்ரல் நடுவில் குரோமின் 124-ஆம் பதிப்பு வந்தது. அதோடு, மேசைக்கணினிகளில் திறக்கும் ஒவ்வொரு பாதுகாப்பான இணைப்புக்கும் குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கக்கூடிய ஒரு சாவிப் பரிமாற்றம் இயல்பாகவே சேர்ந்துகொண்டது. பெரும்பாலானோருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் சில அலுவலக நெட்வொர்க்குகளில் முந்தின நாள் வரை ஒழுங்காகத் திறந்த தளங்கள் திடீரென்று திறக்க மறுத்தன.

அந்த மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். இதில் வரும் பொறியாளர்களையும் நிர்வாகிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கோளாறு இருந்த கருவிகளின் தயாரிப்பாளர்களையும் விட்டுவிட்டேன். ஒரே தவறை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர் செய்திருந்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

பின்னணி: இப்போது பதிவு, பிறகு வாசிப்பு

உலாவியும் சர்வரும் பேசத் தொடங்கும்போது முதலில் ஒரு ரகசியச் சாவியை ஒப்புக்கொள்கின்றன. 'எக்ஸ்25519' போன்ற நீள்வட்ட வளைவு முறைகள் இதைத்தான் செய்கின்றன. இவற்றின் பலம் ஒரு கணிதப் புதிரின் கடினத்தில் இருக்கிறது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால் அந்தப் புதிர் உடைந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். 2,048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை (இதே ஆபத்தில் இருக்கும் இன்னொரு பழைய முறை) 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டியிருக்கும் என்றது 2019-இல் வந்த ஒரு மதிப்பீடு. 2025-இல் அதே ஆய்வாளர்களில் ஒருவர், 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் போதும், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கைத் திருத்தினார். இன்றிருக்கும் எந்த இயந்திரமும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் ஆறே ஆண்டுகளில் கணக்கு எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இல்லாத இயந்திரத்துக்கு இப்போதே ஏன் பயப்பட வேண்டும்? கேபிளில் ஓடுவதை இன்று யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். உள்ளடக்கம் புரியாவிட்டாலும், சாவிப் பரிமாற்றம் நடந்த அந்த முதல் சில செய்திகளும் பதிவில் இருக்கும். பிற்காலத்தில் அதை உடைத்தால் மீதி எல்லாமே திறந்துகொள்ளும். மருத்துவக் குறிப்பு, வழக்கு ஆவணம், அரசாங்கக் கடிதம் போன்றவை இருபது வருடம் கழித்தும் ரகசியமாக இருக்க வேண்டியவை.

இங்கே ஒரு பாகுபாடு தெளிவாக இருந்தது. தளம் உண்மையானதுதானா என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துக்கு இந்த அவசரம் கிடையாது. 2040-இல் ஒருவர் கையெழுத்தைப் போலியாகப் போட முடிந்தாலும், 2024-இல் முடிந்துபோன இணைப்புக்குள் அவர் புக முடியாது. உள்ளடக்கத்தைப் பூட்டும் ஏஇஎஸ் போன்ற முறைகளுக்கும் இதே அளவு ஆபத்து இல்லை. ஆகவே சாவிப் பரிமாற்றம் முதலில், கையெழுத்து அப்புறம். இந்த முழு நிகழ்விலும் நிதானமாக எடுக்கப்பட்ட முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒத்திகைகள், 2016 முதல் 2022 வரை

2016 ஜூலையில் குரோமின் சோதனைப் பதிப்பில் 'நியூ ஹோப்' என்ற முறையை எக்ஸ்25519-உடன் சேர்த்து ஓடவிட்டார்கள். நவம்பரில் நிறுத்தினார்கள். நடுநிலை (மீடியன்) இணைப்புகளில் தாமதம் ஒரு மில்லிவினாடிதான் கூடியிருந்தது. ஆனால் மிக மெதுவான 5 சதவீத இணைப்புகளில் 20 மில்லிவினாடியும், 1 சதவீதத்தில் 150 மில்லிவினாடியும் கூடின. கணக்குப் போடும் வேலை பிரச்சினையாக இல்லை. அனுப்ப வேண்டிய பைட்டுகள்தான் பிரச்சினை. அடுத்த எட்டு வருடமும் இதே கதைதான்.

2018-இல் இன்னொரு வகைச் சோதனை நடந்தது. கிளையன்ட் ஹலோ, அதாவது உலாவி சர்வருக்கு அனுப்பும் முதல் செய்தியில், 400, 1,100, 10,000 பைட் அளவுகளில் வெறும் நிரப்பலைச் சேர்த்து அனுப்பினார்கள். குவாண்டம் பாதுகாப்புக்கான தரமாகத் தேர்வாக அப்போது போட்டியில் இருந்த மூன்று வகைக் கணித முறைகளுக்கும் ஏறத்தாழ இந்த மூன்று அளவுகள்தான் தேவைப்பட்டன. நடுவில் இருக்கும் 1,100 பைட் வகை, அதாவது கட்டமைப்புள்ள லாட்டிஸ் (பல பரிமாணப் புள்ளி வலைக் கணிதம்) முறைகள், வேகத்துக்கும் அளவுக்கும் நடுவே நிற்பது புரிந்தது.

2019-இல் இரண்டு முறைகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று லாட்டிஸ் வகை. மற்றது 'சைக்' என்ற முறை. சைக்கின் சாவி 330 பைட்தான், ஆனால் கணக்குப் போட நேரம் எடுக்கும். பொதுவாக லாட்டிஸ் முறையே வேகமாக இருந்தது. மிக மெதுவான இணைப்புகளில் மட்டும் சைக்கின் சிறிய உருவம் உதவியது. 2022 ஜூலை இறுதியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சைக்கை உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் கணினியை வைத்து அல்ல. சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோர், சுமார் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அந்த முறையை அடுத்த சுற்றுக்கு அனுப்பி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சைக்கை ஓடவிட்ட அந்தச் சோதனையில் யாருடைய ரகசியமும் வெளியே போகவில்லை. புது முறையைத் தனியாக நம்பாமல், பழைய எக்ஸ்25519-உடன் சேர்த்தே ஓட்டியதுதான் காரணம். இரண்டு ரகசியங்களையும் ஒன்றாக்கித்தான் இறுதிச் சாவி பிறக்கும். எதிராளி இரண்டையும் உடைத்தாக வேண்டும். 'பழசும் வேண்டும் புதுசும் வேண்டும் என்பது தேவையில்லாத சுமை' என்ற வாதத்துக்கு அதற்குப் பிறகு உலாவி உலகில் அதிக இடம் கிடைக்கவில்லை.

2023-இல் எடுத்த முடிவுகள்

2022 ஜூலையில் நிஸ்ட் 'கைபர்' என்ற லாட்டிஸ் முறையைத் தேர்ந்தெடுத்தது. 2023 ஆகஸ்டில் குரோம் 116-இல் கைபர்-768, எக்ஸ்25519 இரண்டும் சேர்ந்த கலப்பு முறை இடம்பெற்றது. இறுதித் தரம் வரும் வரை காத்திருக்கலாமே என்று கேட்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் காத்திருக்கவில்லை. கலப்பு முறை என்பதால் கைபரில் ஓட்டை இருந்தாலும் பழைய பாதுகாப்புக்குக் கீழே போகாது என்ற தைரியமும் இருந்தது.

முதல் செய்தியில் கலப்புச் சாவியோடு எக்ஸ்25519 சாவியையும் தனியாக ஒன்று வைத்தார்கள். புது முறை தெரியாத சர்வர் பழையதை எடுத்துக்கொண்டு, கூடுதல் சுற்று எதுவும் இல்லாமல் வேலையைத் தொடரும். இதன் விலை 32 பைட்தான். ஆண்ட்ராய்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மெதுவான இணைப்புகளில் கூடுதல் பைட்டுகளின் வலி அதிகம் என்பது 2016-இலேயே தெரிந்திருந்தது. நிறுவன நிர்வாகிகள் இதை அணைத்து வைக்க ஒரு பாலிசி (நிறுவனக் கணினிகளுக்கான அமைப்பு) கொடுத்தார்கள், அது தற்காலிகம் என்று சொல்லியே.

இன்னொரு முடிவும் உண்டு. இணைப்பு தோற்றால் தானாகப் பழைய முறைக்குத் திரும்பி மறுபடி முயலும் ஏற்பாடு வைக்கப்படவில்லை. ஏப்ரலில் வந்த சத்தத்துக்கு இதுவே நேரடிக் காரணம்.

ஏப்ரல் 2024: நிர்வாகிகள் கண்டது

அறிகுறிகள் குழப்பமாக இருந்தன. சில தளங்களில் 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்தது. சிலவற்றில் பக்கம் சுழன்றுகொண்டே இருந்து கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்றது. ஃபயர்பாக்ஸில் அதே தளம் உடனே திறந்தது. குரோமில் கைபர் அமைப்பை அணைத்தால் சரியாகிவிட்டது. இதைப் பார்த்தவர்கள், சர்வரில் தவறில்லை, குரோம்தான் எதையோ கெடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். அது இயல்பான முடிவு, ஆனால் சரியானது அல்ல. அன்றைக்கு ஃபயர்பாக்ஸ் அந்தப் பெரிய செய்தியை இயல்பாக அனுப்பவே இல்லை. அதனால் அந்த ஒப்பீடு எதையும் நிரூபிக்கவில்லை.

ஒரே தளம் சில நேரம் திறந்தது, சில நேரம் திறக்கவில்லை. உள் நெட்வொர்க்கிலிருந்து பார்த்தால் நன்றாக இருந்தது, வெளியிலிருந்து வந்தால் உடைந்தது. இந்த மாதிரிப் பிழையை எழுதிக் கொடுத்தால், 'எங்களிடம் சரியாகத்தான் வருகிறது' என்று பதில் எழுதி மூடிவிடுவார்கள்.

பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால்

எக்ஸ்25519 சாவி 32 பைட். கைபர்-768 பொதுச் சாவி 1,184 பைட். இரண்டும் சேர்ந்து 1,216. முன்பு சில நூறு பைட்டாக இருந்த கிளையன்ட் ஹலோ இப்போது 1,700-ஐத் தாண்டியது. இணையத்தில் தரவு டிசிபி என்ற விதிமுறைப்படி பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஈதர்நெட் (கம்பி நெட்வொர்க்) வழியே அப்படி ஒரு பாக்கெட் சுமக்கக்கூடியது வழக்கமாக 1,460 பைட். ஆக முதல் செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைந்தாக வேண்டும்.

உதாரணத்துக்கு, முதல் ஐந்து பைட்டுகள் 22, 3, 1, 6, 192 என்று வைத்துக்கொள்வோம். 22 என்றால் இது ஹேண்ட்ஷேக், அதாவது இணைப்பைத் தொடங்கும் பேச்சின் செய்தி. 3, 1 என்பது பதிப்பு. கடைசி இரண்டும் நீளம்: 6 × 256 + 192, அதாவது இன்னும் 1,728 பைட் வரப்போகிறது. தலைப்போடு சேர்த்து மொத்தம் 1,733. முதல் பாக்கெட்டில் 1,460 வந்துவிடும், மீதி 273 பின்னால் வரும். சர்வர் செய்ய வேண்டியது எளிது: ஐந்து பைட் படி, நீளத்தைப் பார், அத்தனை பைட்டும் சேரும் வரை மறுபடி மறுபடி படி.

கோளாறான நிரல்கள் வந்த பைட்டுகளைப் படிக்கும் 'ரீட்' கட்டளையை ஒரே ஒரு தடவை அழைத்தன. வந்தது 1,460 பைட். நீளம் பொருந்தவில்லை. உடனே இணைப்பைத் துண்டித்தன, அல்லது எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டன. டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம், அதில் செய்திகளுக்கு எல்லை கிடையாது என்பதை நெட்வொர்க் பாடத்தின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் முதல் செய்தி எப்போதும் ஒரே பாக்கெட்டில் வந்துகொண்டிருந்ததால், தவறான நிரலும் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

சில நேரம் திறந்து சில நேரம் திறக்காததற்கும் விடை இங்கேயே இருக்கிறது. இரண்டு பாக்கெட்டும் ஒட்டி ஒட்டி வந்து, நிரல் படிப்பதற்குள் இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரே 'ரீட்'டில் எல்லாம் கிடைத்துவிடும். இரண்டாவது கொஞ்சம் பிந்தினால் போச்சு. உள் நெட்வொர்க்கில் பிந்துவது குறைவு, வெளியிலிருந்து வரும்போது அதிகம்.

ஃபயர்வால்களில், அதாவது நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல் கருவிகளில், இன்னொரு வகை நடந்தது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பார்த்து அனுமதிக்கும் கருவிகள், கிளையன்ட் ஹலோவில் இருக்கும் தளப் பெயரை முதல் பாக்கெட்டிலேயே தேடின. குரோமோ 2023 தொடக்கம் முதல் அந்தச் செய்தியின் உட்பகுதிகளை ஒவ்வொரு தடவையும் வரிசை மாற்றி அனுப்புகிறது. 1,200 பைட்டுக்கு மேற்பட்ட சாவிப் பகுதி முன்னால் வந்துவிட்டால் தளப் பெயர் இரண்டாவது பாக்கெட்டுக்குத் தள்ளப்படும், பின்னால் வந்தால் முதலிலேயே இருக்கும். பக்கத்தை ரீலோடு செய்தால் திறப்பதும், அடுத்த தடவை தோற்பதும் இப்படித்தான். சீட்டுக் குலுக்கல் மாதிரி.

பின்வாங்காமல் இருந்தது ஏன்?

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று உண்டு. பத்து வருடம் முன்பு, கிளையன்ட் ஹலோவின் அளவு 256-க்கும் 511-க்கும் இடையே விழுந்தால் சில கருவிகள் தொங்கிவிடுவது தெரிய வந்தது. அப்போது உலாவிகள் விட்டுக்கொடுத்தன. செய்தி அந்த அளவில் விழுந்தால் வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து 512-க்கு மேலே தள்ளின. 2015-இல் அது ஒரு முறையான இணையத் தரமாகவே எழுதப்பட்டது. கருவிகள் திருந்துவதற்குப் பதிலாக இணையமே அவற்றுக்கு வளைந்துகொடுத்தது.

தானாகப் பழைய முறைக்கு இறங்குவதன் ஆபத்தும் தெரிந்ததுதான். இணைப்பு தோற்றால் பழைய பாதுகாப்பு விதிமுறையான எஸ்எஸ்எல் 3.0-க்கு இறங்கும் பழக்கம் உலாவிகளுக்கு இருந்தது. 2014-இல் வெளியான 'பூடில்' தாக்குதல் அதையே வழியாகப் பயன்படுத்திக்கொண்டது. நடுவில் இருப்பவர் முதல் முயற்சியைக் கெடுத்தாலே போதும், உலாவி தானே பலவீனமான பாதைக்கு வந்து சேரும். குவாண்டம் பாதுகாப்பிலும் அதே வழியைத் திறந்து வைத்தால், பதிவு செய்ய நினைப்பவர் ஒரு பாக்கெட்டைத் தடுத்தே பாதுகாப்பைக் கழற்றிவிடலாம். போதாக்குறைக்கு, பிழை வெளியே தெரியாததால் அதை யாரும் சரிசெய்யவும் மாட்டார்கள்.

அதனால் குரோம் குழு பெரிய செய்தியை நிறுத்தவில்லை. கோளாறைத் தனியாக விளக்கும் பக்கமும், ஒரு சர்வருக்குப் பெரிய கிளையன்ட் ஹலோவை அனுப்பிச் சோதிக்கும் சிறு பைத்தான் நிரலும் பொதுவில் கிடைத்தது. தயாரிப்பாளர்கள் திருத்தங்களை வெளியிட்டார்கள். அவை வரும் வரை நிர்வாகிகளுக்குப் பாலிசி கைகொடுத்தது. அதே பாலிசியைப் பல நிறுவனங்கள் போட்டுவிட்டு மறந்திருக்கும் என்பது என் சந்தேகம். தற்காலிகத் திருத்தத்தை நீக்குவதற்கு யாரும் நினைவூட்டல் வைப்பதில்லை.

கைபரிலிருந்து எம்எல்-கெம்முக்கு

2024 ஆகஸ்ட் 13 அன்று நிஸ்ட் இறுதித் தரத்தை, 'ஃபிப்ஸ் 203', வெளியிட்டது. கைபருக்கு எம்எல்-கெம் என்ற பெயர் வந்ததோடு உள்ளே சில சிறு மாற்றங்களும் வந்தன. சிறியவைதான், ஆனால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசாது. கலப்பு முறையின் அடையாள எண்ணும் 25497-இலிருந்து 4588-க்கு மாறியது.

மாறும் காலத்தில் இரண்டையும் அனுப்பலாமே என்பது வழக்கமான யோசனை. ஆனால் இரண்டு சாவியும் சேர்ந்தால் 2,400 பைட்டைத் தாண்டும். ஒன்றுக்கே இவ்வளவு பாடு. ஆகவே சர்வர்காரர்களுக்குச் சில மாத அவகாசம் கொடுத்துவிட்டு, 2024 நவம்பரில் வந்த குரோம் 131-இல் கைபரை எடுத்துவிட்டு எம்எல்-கெம்மை வைத்தார்கள். கைபர் சோதனைக் காலத்துக்கானது, அதை விட்டு வைத்தால் யாராவது அதையே பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள் என்ற கவலையும் காரணமாகச் சொல்லப்பட்டது. 512 பைட் கதையை நினைத்தால் அந்தக் கவலை நியாயமானது.

விளைவு

மேசைக்கணினிகளில் ஹேண்ட்ஷேக் நேரம் நடுநிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடியதாகக் குரோம் தரப்பு சொன்னது. ஃபயர்பாக்ஸ் 2024 இறுதியில் எம்எல்-கெம் கலப்பு முறையை ஏற்றது. 2025 ஏப்ரலில், சர்வர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பாதுகாப்பு நிரல் தொகுப்பான ஓபன்எஸ்எஸ்எல் 3.5 வந்ததும் சாதாரணச் சர்வர்களுக்கும் இது தனி முயற்சி இல்லாமல் கிடைக்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 26-இல் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில், தன் நெட்வொர்க்கில் மனிதர்கள் தொடங்கும் போக்குவரத்தில் பாதிக்கு மேல் இந்தப் பாதுகாப்புடன் போவதாக, பல தளங்களின் போக்குவரத்தைக் கையாளும் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் அறிவித்தது.

ஏப்ரலில் உடைந்த தளங்களுக்கு வரும் இணைப்புகள் பெரும்பாலும் இன்று நல்லபடியாக ஓடுகின்றன. வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய லோடு பேலன்சர் ஏதாவது ஒன்று மூலையில் இன்னும் இருக்கிறது என்றால், அது இனிக் குரோமில் மட்டும் இல்லை, எல்லா உலாவியிலும் உடையும்.

மாற வேண்டியவை

நிர்வாகிகள் பக்கத்தில்: உலாவியின் பீட்டா பதிப்பை அலுவலகத்தில் சிலரிடமாவது ஓடவிட்டிருந்தால் இது வாரக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்திருக்கும். கோளாறு வந்த பிறகும், எந்த உலாவியில் திறக்கிறது என்று பார்ப்பதை விட, ஒரு பாக்கெட் பதிவு எடுத்து இரண்டாவது பாக்கெட்டுக்குப் பிறகு யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ரீசெட் சர்வரிடமிருந்து வருகிறதா, நடுவில் இருக்கும் கருவியிடமிருந்து வருகிறதா என்பதும் அதிலேயே ஓரளவு பிடிபடும்.

தயாரிப்பாளர்கள் பக்கத்தில்: சோதனைத் தொகுப்பில் கிளையன்ட் ஹலோவைப் பைட் பைட்டாக உடைத்து அனுப்பும் ஒரு சோதனை இருந்தாலே போதும். இதற்குக் குவாண்டம் அறிவு எதுவும் தேவையில்லை.

உலாவி பக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பெரிய செய்தியைப் பற்றி 2018-லேயே அளந்து வைத்திருந்தார்கள். அதே வெற்று நிரப்பலைச் சிறு பங்கு இணைப்புகளில் வருடக்கணக்கில் நிரந்தரமாக அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால், ஒரு பாக்கெட்டில்தான் வரும் என்ற அனுமானம் இவ்வளவு இறுகியிருக்காது. செயல்திறன் குறையும் என்ற பதில் வரும். ஆனால் 4 சதவீதத்தைப் பின்னால் ஏற்றுக்கொண்டவர்கள், அதில் ஒரு துளியை முன்பே ஏற்றிருக்கலாம்.

கையெழுத்துகளின் முறை இனிமேல்தான். இன்றைய நீள்வட்டக் கையெழுத்து 64 பைட். நிஸ்ட் தரப்படுத்திய எம்எல்-டிஎஸ்ஏ-44 கையெழுத்து 2,420 பைட், அதன் பொதுச் சாவி 1,312. ஒரு சாதாரண ஹேண்ட்ஷேக்கில் ஐந்து கையெழுத்தும் இரண்டு பொதுச் சாவியும் போகும். கூட்டினால் 14,724 பைட். டிசிபி தொடக்கத்தில் பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய பத்துப் பாக்கெட் 14,600 பைட்தான். தளத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழை இப்படியே பெரிதாக்காமல், பல தரவுகளை ஒரே சுருக்கத்தில் அடக்கும் மெர்க்கிள் மரங்களின் அடிப்படையில் புதிதாக அமைக்கும் சோதனையில் குரோமும் கிளவுட்ஃபிளேரும் 2025 அக்டோபரில் இறங்கியது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.